வென்டிலேட்டரை நிறுத்தச் சம்மதித்தேன்: கர்த்தருடைய வேளையில் நான் கைவைத்துவிட்டேனா?

ஒலிவக்கன்று (கேள்வி)

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

நான்கு மாதங்களுக்கு முன் என் தகப்பனார் மூளையில் ஏற்பட்ட பெரும் இரத்தக்கசிவினால் நினைவிழந்து விழுந்தார். அவருக்கு வயது 71. தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தார். ஐந்தாம் நாளிலிருந்து சிறுநீரகங்கள் செயலிழக்கத் தொடங்கின. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்தின் அளவை நாளுக்கு நாள் கூட்ட வேண்டியிருந்தது. நரம்பியல் மருத்துவரும் தீவிர சிகிச்சை மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்துவிட்டு, நினைவு திரும்ப வழியில்லை என்றும், கருவி இப்போது அவருடைய உயிரைக் காக்கவில்லை, மரணத்தைத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். 12ஆம் நாள் மாலையில் அம்மாவும் அண்ணனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, தாளில் கையெழுத்திட்டவன் நான்.

அடக்க ஆராதனை முடிந்த பிறகு சபை மூப்பர் ஒருவர் என் தோளில் கைவைத்து, "இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் ஆண்டவர் அற்புதம் செய்திருப்பாரே, தம்பி" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் நான்கு மாதங்களாக என்னைத் தூங்கவிடவில்லை.

சங்கீதம் 139:16 சொல்வதுபோல் என் தகப்பனாருடைய நாட்கள் எல்லாம் முன்பே எழுதப்பட்டிருந்தால், என் கையெழுத்து எதையும் மாற்றியிருக்க முடியாது; நான் குற்றமற்றவன். ஆனால் அப்படியானால் அந்த 12 நாள் சிகிச்சைக்கும், நாங்கள் உபவாசமிருந்து செய்த ஜெபத்துக்கும் அர்த்தம் என்ன? மாறாக, என் கையெழுத்து அந்த நாளை உண்மையிலேயே மாற்றியது என்றால், அவருடைய காலம் கர்த்தரின் கரத்தில் இருக்கவில்லை, என் பேனாவில் இருந்தது என்றாகிவிடுகிறது. இரண்டில் எதை ஏற்றுக்கொண்டாலும் ஏதோ ஒன்று உடைகிறது. ஆறுதல் வார்த்தைகள் போதுமான அளவு கிடைத்துவிட்டன. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

இரவுப்பணி

நான் பல ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், விசுவாசியும்கூட. வேத விளக்கத்தை அறிந்தவர்களுக்கு விட்டுவிட்டு, என் கண்முன் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

வென்டிலேட்டர் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுகிறது. அது மூளையையோ சிறுநீரகத்தையோ குணமாக்குவதில்லை. உடல் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளவும் மற்ற மருந்துகள் வேலை செய்யவும் அது அவகாசம் வாங்கித் தருகிறது. சீராகக்கூடிய நோயில் அந்த அவகாசம் விலைமதிப்பற்றது. சீராக முடியாத நோயில் அந்த அவகாசத்தை நிரப்ப எதுவும் இருப்பதில்லை. உங்கள் தகப்பனாருக்கு முதல் சில நாட்கள் அந்த முதல் வகையாகவும், கடைசி நாட்கள் இரண்டாம் வகையாகவும் இருந்ததாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. ஆகவே அந்த 12 நாட்களும் வீண் அல்ல. வழி இருக்கிறதா என்று தேடிய நாட்கள் அவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் பரிந்துரைத்ததற்குக் குடும்பம் சம்மதம் தருகிறது. குடும்பம் மரணத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அந்த அறையில் மிகவும் நொறுங்கிப்போயிருக்கும் ஒருவரிடம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கும் முறை, அவரே தீர்ப்பு எழுதியதுபோன்ற உணர்வைக் கொடுத்துவிடுகிறது. இதை எத்தனையோ பிள்ளைகளின் முகத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒருபோதும் பழகவில்லை.

ஒரு கேள்வி. கருவியை நிறுத்திய பிறகு அவருக்கு எவ்வளவு நேரம் மூச்சு இருந்தது? விருப்பமிருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

கன்மலை

சகோதரரைப் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் இங்கே எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். "கர்த்தர் கொல்லுகிறவரும் உயிர்ப்பிக்கிறவருமாயிருக்கிறார்" என்று சாமுவேலின் தாய் அன்னாள் பாடினாள். அந்த அதிகாரத்தை அவர் நமக்குப் பகிர்ந்து தரவில்லை. கில்போவா மலையில் குற்றுயிராய்க் கிடந்த சவுல் ராஜா கேட்டுக்கொண்டபடியே, இரக்கத்தினால் அவனைக் கொன்றதாகச் சொன்ன அமலேக்கியனைத் தாவீது மன்னிக்கவில்லை (2 சாமுவேல் 1). வியாதிப்பட்டிருந்த எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா தீர்க்கதரிசியே நேரில் வந்து, "நீர் மரித்துப்போவீர்" என்றார். ராஜா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. சுவர்ப்புறமாகத் திரும்பி ஜெபித்தான். 15 ஆண்டுகள் பெற்றான். லாசரு மரித்து நான்கு நாட்கள் ஆன பின்பும் இயேசு அவனை உயிரோடு எழுப்பினார். மருத்துவர்களின் "வழியில்லை" என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் இடம் அதிகம் என்று நினைக்கிறேன். இன்று கருவியை நிறுத்துவது சரி என்றால், நாளை ஊசி போடுவதும் சரி என்பார்கள்.

தெக்கோவா மேய்ப்பன்

முதலில் ஒரு சிறு திருத்தம். நம் பழைய மொழிபெயர்ப்பில் சங்கீதம் 139:16 அவயவங்களையும் அவை உருவேற்படும் நாட்களையும் பற்றிப் பேசுகிறது. ஆயுள் நாட்கள் என்ற பொருள் மற்ற மொழிபெயர்ப்புகளில்தான் வெளிப்படையாக இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரடியான வசனம் யோபு 14:5: மனிதனுடைய நாட்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன, அவன் கடந்துபோகக்கூடாத எல்லை ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் நம்பியதில் பிழை இல்லை. வசனத்தின் முகவரிதான் வேறு.

இனி முடிச்சுக்கு வருவோம். கர்த்தர் செய்தால் மனிதன் செய்யவில்லை, மனிதன் செய்தால் கர்த்தர் செய்யவில்லை என்று இருவரையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைத்திருக்கிறீர்கள். வேதம் அப்படி வைக்கவில்லை. அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். ஒருவருடைய பிராணனுக்கும் சேதம் வராது என்று தேவதூதன் தமக்குச் சொன்னதாகப் பவுல் அறிவிக்கிறார். அது நிபந்தனையற்ற வாக்கு. ஆனால் சில வசனங்களுக்குப் பிறகு, கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பியோடப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்று அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். போர்ச்சேவகர் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். வாக்கு இருந்ததால் கயிற்றை அறுப்பது தேவையற்றதாகவில்லை; கயிற்றை அறுத்ததால் வாக்கு பொய்யாகவும் இல்லை. அந்தக் கயிறு அறுபடும் வழியாகவே வாக்கு நிறைவேறியது. எசேக்கியாவும் அப்படித்தான்: 15 ஆண்டுகள் என்ற வாக்கு வந்த கையோடு, பிளவையின் மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. வாக்குக் கொடுத்தவருக்கு அத்திப்பழம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

இது நான் கண்டுபிடித்த விளக்கம் அல்ல. நம் ஆயுளுக்கு எல்லை குறித்தவரே அதைப் பேணும் பொறுப்பையும் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார் என்று சபைச் சீர்திருத்தவாதி கால்வின் தம் கிறிஸ்தவ சமயக் கோட்பாடுகளின் முதல் நூலில், 17ஆம் அதிகாரத்தில் விரிவாக எழுதுகிறார். 1527இல் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது இன்னொரு சீர்திருத்தவாதியான லூத்தர் ஊரைவிட்டு ஓடவில்லை, நோயாளிகளோடு தங்கினார். அதே சமயம், தேவன் காப்பார் என்று சொல்லி மருந்தை மறுப்பவர்கள் தேவனை நம்பவில்லை, அவரைச் சோதிக்கிறார்கள் என்றும் எழுதினார். மரணத்தைக் குறித்த தேவ சித்தத்தை இவ்வளவு உறுதியாகப் பற்றிக்கொண்டவர்களே மருந்தையும் புத்தியையும் இவ்வளவு மதித்தார்கள் என்பது தற்செயல் அல்ல.

ஆகவே உங்கள் சிகிச்சையும் ஜெபமும் கையெழுத்தும் கர்த்தருடைய கரத்துக்கு வெளியே நடந்தவை அல்ல. அவை அதற்கு உள்ளே நடந்தவை. உள்ளே நடந்தது என்பதாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இல்லாவிட்டால் யூதாசையும் நியாயப்படுத்திவிடலாம். உங்கள் செயல் சரியா தவறா என்பதை வேறு அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்: நீங்கள் கையினால் என்ன செய்தீர்கள், மனதில் என்ன நாடினீர்கள் என்பதே அந்த அளவுகோல்.

இந்த இடத்தில் கன்மலை சகோதரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் எழுப்பிய கவலை அற்பமானது அல்ல. ஆனால் அமலேக்கியன், தான் கிட்டப் போய்ச் சவுலைக் கொன்றதாகத் தன் வாயாலேயே சொன்னான். (1 சாமுவேல் 31இன்படி சவுல் தன் பட்டயத்தின்மேல் விழுந்து மரித்தான், ஆகவே அவன் வெகுமதிக்காகப் பொய் சொல்லியிருக்கவும் கூடும்.) இதற்கு முன்பே, சவுல் தன் கைக்கு எட்டும் தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது தாவீது சொன்னதை நினைத்துப் பாருங்கள்: கர்த்தர் அவனை அடிக்கலாம், அல்லது அவன் காலம் வந்து மரிக்கலாம், அல்லது யுத்தத்தில் மாளலாம், நான் என் கையைப் போடமாட்டேன். மூன்று வழிகளும் கர்த்தருடையவை. நான்காவதாகத் தன் கை இருக்கக் கூடாது என்பதே தாவீதின் கவலை. ஒலிவக்கன்றின் தகப்பனார் மரித்தது இரத்தக்கசிவினால். நோய்க்கும் அவருக்கும் நடுவே ஒரு கருவி நின்றது. அதனால் இனி உதவ முடியாது என்று தெரிந்தபோது அது விலக்கப்பட்டது. கொல்லும் நோக்கத்தோடு ஊசி போடுவது அமலேக்கியன் சொன்ன செயலின் இனத்தைச் சேர்ந்தது. இது அந்த இனம் அல்ல.

லாசருவை நீங்கள் எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று. அந்தச் சம்பவம் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. லாசரு நான்கு நாட்கள் கல்லறையில் கிடந்தான். எந்தக் கருவியும் அவன் மூச்சைப் பிடித்து வைத்திருக்கவில்லை. வியாதிப்பட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்ட பின்னும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாட்கள் தங்கினார். உயிர்ப்பிக்கச் சித்தமுள்ளவருக்கு மின்சாரம் தேவையில்லை. "ஒரு நாள் பொறுத்திருந்தால் அற்புதம் நடந்திருக்கும்" என்ற வாக்கியம் விசுவாசத்தின் உடையை அணிந்திருக்கிறது; ஆனால் உரித்துப் பார்த்தால், சர்வவல்லவரின் கரம் ஒரு கருவியின் பொத்தானுக்காகக் காத்திருந்தது என்றும், ஒரு மகன் அவசரப்பட்டதால் அவர் ஏமாந்துபோனார் என்றும் அது சொல்கிறது. அந்த மூப்பர் அப்படி நம்பவில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் நாங்கள், அதாவது போதகர்களும் மூப்பர்களும், அளவுக்கு மிஞ்சிப் பேசிவிடுகிறோம். யோபின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாட்கள் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெபத்தைப் பற்றி ஒன்று. தன் குழந்தை சாகும் என்று நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன பிறகும் தாவீது ஏழு நாட்கள் தரையில் கிடந்து உபவாசித்தான். ஏழாம் நாளில் குழந்தை இறந்தது. அவன் எழுந்து, ஸ்நானம்பண்ணி, தேவாலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, பிறகு உணவு கேட்டான். "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பிவரப்போகிறது இல்லை" என்றான். அந்த மரணம் தாவீதின் பாவத்தோடு தொடர்புடையது. அந்தப் பகுதியை உங்கள் வீட்டுக்குப் பொருத்த வேண்டாம். ஆனால் அந்த ஏழு நாள் ஜெபம் வீண் என்று அவன் எங்கும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எசேக்கியாவுக்குக் கிடைத்தது, தாவீதுக்குக் கிடைக்கவில்லை. அப்போஸ்தலர் 12இல் யாக்கோபு பட்டயத்துக்கு இரையானான். பேதுருவின் விலங்குகள் கழன்றன. ஏன் என்று அந்த நூலை எழுதிய லூக்கா ஒரு வரியும் எழுதவில்லை. அவர் எழுதாததை நான் இட்டு நிரப்பமாட்டேன்.

இலாசரின் தோழி

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்கள் சொற்கள் சற்று வேறுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி நம் முன்னோர்களுக்கு இந்த வடிவில் எழ வாய்ப்பே இருக்கவில்லை. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள். அடுத்த ஐந்தே ஆண்டுகளில் இந்தக் கேள்வி திருச்சபையின் வாசலுக்கு வந்துவிட்டது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு 1957 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பதிலளித்தார். உயிரையும் உடல்நலத்தையும் காக்கச் சாதாரணமான வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டிருக்கிறோம். தனக்கோ பிறருக்கோ பெரும் சுமையாகும் அசாதாரண வழிகளுக்கு அந்தக் கடமை இல்லை என்பதே அதன் சாரம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2278ஆம் எண், எதிர்பார்க்கும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்துவது நியாயமாகலாம் என்றும், அதில் ஒருவர் மரணத்தை விளைவிக்க நாடவில்லை, அதைத் தடுக்க இயலாமையை ஏற்றுக்கொள்கிறார் என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய எண் கருணைக்கொலையை ஒப்புக்கொள்ள முடியாததென்று தெளிவாக விலக்குகிறது. கன்மலை அவர்கள் அஞ்சும் வழுக்குப்பாதைக்கு நடுவே அந்த வேலி ஏற்கெனவே இருக்கிறது.

கேரன் ஆன் குயின்லன் என்ற இளம்பெண்ணை அறிந்திருப்பீர்கள். 1975இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் அவர் நினைவிழந்து வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். கத்தோலிக்கரான அவருடைய பெற்றோர் தங்கள் பங்குத்தந்தையிடம் ஆலோசித்து, கருவியை விலக்க அனுமதி கேட்டார்கள். 1976 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கருவி விலக்கப்பட்டது. அவரோ தாமாகவே மூச்சுவிட்டார். நினைவு திரும்பாமலேயே 1985 ஜூன் வரை வாழ்ந்தார். அந்தப் பெற்றோர் குழாய் வழி உணவை நிறுத்தக் கேட்கவில்லை. இதை அற்புதம் என்று காட்ட நான் எழுதவில்லை. கருவியை விலக்குவதும் உயிரை எடுப்பதும் ஒன்றே என்றால், இந்த ஒன்பது ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்கவே எழுதினேன்.

கன்மலை

லாசருவைப் பற்றி மேய்ப்பன் ஐயா சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. ஆனாலும், மருத்துவர்களும் தவறக்கூடும் என்பதையும், பணச்சுமைக்குப் பயந்து அவசரமாகச் சம்மதம் வாங்கப்படும் இடங்கள் உண்டு என்பதையும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சகோதரருடைய விஷயத்தில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்திருக்கிறார்கள், 12 நாட்கள் காத்திருந்திருக்கிறார்கள். என் வார்த்தைகள் அவரைக் குறித்தவை என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும்.

ஒலிவக்கன்று

எல்லோருக்கும் நன்றி. அப்போஸ்தலர் 27ஐ மூன்று முறை வாசித்தேன். கயிற்றை அறுத்த போர்ச்சேவகர்களைப் பற்றி இதுவரை நான் யோசித்ததே இல்லை.

ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்திட்ட அந்தக் கணத்தில் எனக்குத் துக்கத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. "சாவு எனக்கு ஆதாயம்" என்ற வசனத்தின்படி அப்பாவுக்காக மகிழ்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் அது பொய். இனி அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை என்ற நிம்மதி அது. மூப்பருடைய வார்த்தை என்னை இவ்வளவு சுட்டதற்கு அதுவே காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

எப்பாப்பிரோதீத்து

என் கணவரை ஆறு ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பராமரித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். சாவு ஆதாயம் என்று எழுதிய அதே பவுல், அதே பிலிப்பியர் நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், தம் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து வியாதியால் மரணத்துக்குச் சமீபமாயிருந்தான் என்றும், துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடி தேவன் எனக்கும் இரங்கினார் என்றும் எழுதுகிறார். நண்பன் செத்திருந்தால் அவனுக்கு ஆதாயம்தானே என்று அவர் தத்துவம் பேசவில்லை. என்னால் தாங்கியிருக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். நம் தாங்கும் சக்திக்கும் அளவு உண்டு என்பதை அறிந்துதான் தேவன் இரங்கினார். ஆறு ஆண்டுகளின் முடிவில் எனக்கும் அந்த நிம்மதி வந்தது. வெட்கப்பட்டேன், ஆண்டவரிடம் அதை அப்படியே சொன்னேன், அதற்குப் பிறகு மூன்று வாரங்கள் கழித்துத்தான் அழுகை வந்தது. உங்களுக்கு வந்துவிட்டதா?

ஒலிவக்கன்று

இன்று காலையில் வந்தது, அம்மா.

இரவுப்பணி சகோதரி முதலிலேயே ஒன்றைக் கேட்டிருந்தார். பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். குழாயை எடுத்த பிறகு சில நிமிடங்கள்தான் இருப்பார் என்று மருத்துவர் எங்களைத் தயார்ப்படுத்தியிருந்தார். அப்போது மாலை ஏழு மணி. அப்பா விடியற்காலை நான்கு மணி வரை, யாருடைய உதவியும் இல்லாமல், மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, 31ஆம் சங்கீதத்தை, "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது" என்ற இடம் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு மனப்பாடம் இல்லை. அந்த ஒன்பது மணி நேரத்தை மூப்பரிடம் நான் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சொல்லப்போகிறேன்.